நானூத்திப் பன்னெண்டாம் நம்பர் ஜாடி

அந்தப் பேப்பர படிச்சு முடிச்சிட்டியன்னா கொஞ்சம் குடுங்க சார். இல்ல, படிக்கதுக்கு இல்ல. காலையில டீக்கடையிலேயே மூணு தடவ படிச்சாச்சு. நாலாம் பக்கம், கீழ ஓரம், உரக் கம்பெனி விளம்பரத்துக்கு மேல. இந்தா இருக்கு பாருங்க. ‘இருபத்தொன்பது ஆண்டுப் பழைய திசுவில் மரபணு: உயிர் தப்பினார் ஆசிரியை.’ அதுல கடைசி வரியைப் படிங்க. ‘திசுவைப் பாதுகாத்து வைத்தவர் மறைந்த ஆய்வக ஊழியர் கொம்பையா.’

பாதுகாத்து வைத்தவராம்.

கொம்பையா எதையும் பாதுகாத்தது கிடையாது சார். அவன் சாப்பாட்டு டப்பாவையே பாதுகாக்க மாட்டான். எங்க லேப்லேயே மூணு டப்பாவத் தொலைச்சிருக்கான். செத்துப்போனவனப் பத்திக் குறையாப் பேசக்கூடாது, நான் பேசல. நடந்ததச் சொல்லுதேன், நீங்களே ஒரு முடிவுக்கு வாங்க. எங்க இறங்குதிய, தென்காசியா? அப்பம் ரயில்ல நேரம் இருக்கு. நான் கீழக்கடையத்துல இறங்கிருவேன்.

எம்பேரு தாணுலிங்கம். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில பேத்தாலஜி லேப்ல முப்பத்தஞ்சு வருஷம் வேலை பாத்தேன். ஆஸ்பத்திரி பேரு வேண்டாம், பென்ஷன் வாங்குதவன். லேப்போட ஒரு மியூசியம் உண்டு. ஆபரேஷன்ல எடுத்த கட்டி, ஈரல், குடல்னு நல்ல நல்ல அயிட்டமா ஜாடியில போட்டு, படிக்கிற பிள்ளைகளுக்காக அடுக்கி வச்சிருக்கும். மொத்தம் அறுநூத்தி நாப்பது ஜாடி. அம்புட்டும் என் பொறுப்பு. மூணு மாசத்துக்கு ஒருக்க ஒவ்வொண்ணா மூடியைத் திறந்து, சதை அழுகாம வைக்குத ஃபார்மலின் குறைஞ்சிருந்தா ஊத்தி நெறப்பி, கண்ணாடியத் துடைச்சு வைப்பேன். புத்தகத்துல பத்துக்கு ஒண்ணு கலக்கணும்னு போட்டிருக்கும். நான் ஒரு கை கூடத்தான் ஊத்துவேன். கஞ்சத்தனம் பாக்கதில்ல. அந்த நெடியில கண்ணுல தண்ணி ஊத்தும். எம் பொஞ்சாதி நான் வீட்டுக்குள்ள வந்தா சட்டையக் கழத்தி வெளிய போடுங்கம்பா. அதெல்லாம் இந்தப் பேப்பர்ல வராது.

கொம்பையா பிளாக் போடுதவன். உங்களுக்கு வெளங்குத மாதிரி சொல்லுதேன். ஆபரேஷன்ல வெட்டி எடுத்த சதையில ஒரு துண்ட ஃபார்மலின்ல ஊற வைக்கணும். பொறவு ஸ்பிரிட்ல போட்டுத் தண்ணிய எடுத்து, உருக்குன மெழுக ஊத்திக் கட்டியாக்கணும். சீட்டுக்கட்டுல கால்வாசி இருக்கும், அதுக்குப் பேருதான் பிளாக். அதை மிஷின்ல வச்சுச் சீவி, கண்ணாடியில ஒட்டி, டாக்டர் பாத்துட்டு இது கேன்சரா இல்லியான்னு சொல்லுவாவ.

இதுல ஊற வைக்கதுதான் முக்கியம். எட்டு நாள் ஊறணும். இது என் கணக்கு. அவன் என்ன செய்வான் தெரியுமா? இன்னைக்கிப் போட்டத நாளைக்கி மத்தியானம் எடுத்துருவான். ‘ஏம்ல, இன்னும் ஊறலியே’ன்னு கேட்டா, ‘ரொம்ப ஊறுனா கத்தி ஏறாது அண்ணாச்சி’ம்பான். அது சாக்கு. நாலரைக்கு முக்கூடல் பஸ். அதை விட்டா ஆறரைக்குத்தான். அதுக்குத்தான் அம்புட்டு அவசரமும். நான் நாலு தடவ எழுத்து மூலமா மேல புகார் குடுத்தேன். நகல் வீட்ல இருக்கு.

சரி, விசயத்துக்கு வாறேன்.

ரெண்டு வருஷத்துக்கு முந்தி எங்க டாக்டர் ரஹ்மத் நிஷா ஒரு பொம்பளப் பிள்ளையக் கூட்டிக்கிட்டு மியூசியத்துக்கு வந்தாவ. டாக்டருக்கு மரபணுப் பிரிவு. புதுசா ஆரம்பிச்சது, ஒரு ரூமு, ஒரு ஃபேன். கூட வந்தது ஒரு டீச்சர், அருள்வடிவுன்னு பேரு. கணக்கு டீச்சர். முப்பத்தேழு வயசு இருக்கும். ஆழ்வார்குறிச்சிப் பக்கம்.

டாக்டர் சொன்னாவ, “தாணு அண்ணாச்சி, தொண்ணூத்தஞ்சாம் வருஷம் சண்முகவடிவுன்னு ஒரு அம்மாவுக்கு இங்க சினைப்பைக் கட்டி ஆபரேஷன் நடந்திருக்கு. அவங்க சதை ஏதாவது இருக்குமா?”

எங்கிட்டயா கேக்கது? ரிஜிஸ்டரப் பெரட்டி ரெண்டு நிமிஷத்துல சொல்லிட்டேன். “இருக்கு. நானூத்திப் பன்னெண்டு.”

டாக்டருக்கே ஆச்சரியம். அந்தக் கட்டி தேங்கா சைஸு சார், அவ்வளவு லட்சணம். அப்ப இருந்த புரொபசர் அது கட்டாயம் மியூசியத்துக்கு வேணும்னுட்டாரு. வீட்டாளுககிட்ட கேக்கது, சம்மதம் வாங்குதது எல்லாம் அந்தக் காலத்துல கிடையாது. பையாப்சிக்குன்னு ஒரு துண்டு கொம்பையா கைக்குப் போச்சு, மிச்சம் பூரா எங்கைக்கு வந்துச்சு. அந்தம்மா நாலு மாசத்துல போயிட்டாவ. அது எனக்குத் தெரியாது, அந்த டீச்சர் சொல்லித்தான் தெரியும்.

கூட்டிக்கிட்டுப் போயிக் காட்டினேன். மூணாவது பீரோ, ரெண்டாம் தட்டு. ‘பெண், வயது 34’ன்னு நான் என் கையால வெள்ளைப் பெயிண்ட்ல எழுதினது, இன்னும் ஒரு எழுத்து உரியல. அந்தப் புள்ள அந்த ஜாடி முன்னால ரொம்ப நேரம் நின்னுச்சு. தண்ணி எவ்வளவு தெளிவா இருக்குன்னுதான் பாக்குன்னு நெனச்சேன். அவ்வளவு தெளிவா வேற எந்த ஆஸ்பத்திரியிலயும் பாக்க முடியாது. பொறவு கைய நீட்டி கண்ணாடி மேல வச்சுச்சு. போன பொறவு விரல் ரேகையத் துடைச்சு வச்சேன்.

அப்பந்தான் டாக்டர் விவரம் சொன்னாவ. இந்தப் புள்ளையோட பெரியம்மாவும், அம்மாகூடப் பொறந்த அக்கா, அதே சீக்குல போயிருக்கு. பயந்துபோயி இது ரத்தம் குடுத்துப் பாத்திருக்கு. அதுல மரபணுவுல ஒரு எழுத்து மாறியிருக்காம். அந்த மாத்தம் நல்லதா கெட்டதான்னு எந்தப் புத்தகத்துலயும் கிடையாதாம், இதுக்கு முன்ன யாருக்கும் வந்தது இல்ல. சீக்கு அம்மா வழியில வந்ததால, அந்த மாத்தம் அப்பாகிட்ட இருந்து வந்திருந்தா பயப்பட வேண்டாம். அம்மாகிட்ட இருந்து வந்திருந்தா ரெண்டு சினைப்பையையும் எடுத்துறணும். அப்பா லாரி டிரைவர், ஆக்சிடென்ட்ல போயி இருவது வருஷம் ஆச்சு. கேக்கதுக்கு மிச்சம் இருக்கது அம்மா மட்டும்தான். அதாவது என் ஜாடி.

“சும்மா எடுத்துட வேண்டியதுதான டாக்டர்?”னு கேட்டேன். எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி.

அதுக்கு அந்தப் புள்ளயே பதில் சொல்லுச்சு. “எனக்கு ஒரு பொண்ணுதான் சார். இன்னொரு பிள்ளை வேணும்னு ஆசை. ஒண்ணுமில்லாததுக்கு எடுத்துட்டா?” பொறவு, “அம்மா போனப்ப எனக்கு எட்டு வயசு. எம் பொண்ணுக்கு இப்ப எட்டு வயசு”ன்னுச்சு. கணக்கு டீச்சர்ல, எல்லாத்தையும் நம்பரா வச்சிருக்கு.

ஸ்பெசிமன்ல இருந்து ஒரு துண்டு வெட்டணும். எனக்கு மனசே இல்ல. இருந்தாலும் பின்பக்கமா, பாக்கவங்களுக்குத் தெரியாத எடத்துல, சுண்டுவிரல் நகம் அளவுக்கு நானே வெட்டிக் குடுத்தேன். சென்னையில ஒரு லேபுக்குப் போச்சு.

ஆறு வாரம் கழிச்சு ரிப்போர்ட் வந்துச்சு. ஒண்ணும் கிடைக்கல.

நான் நம்பல. டாக்டர் என்னை உக்கார வச்சு வெளக்கினாவ. “அண்ணாச்சி, மரபணுங்கது ஒரு பெரிய புஸ்தகம்னு வைங்க. ஃபார்மலின் அந்தத் தாளையெல்லாம் பசை போட்ட மாதிரி ஒட்டிரும். நாளாக ஆகப் புளிச்சு ஆசிட் ஆயிரும், அது தாளை அரிச்சிரும். முப்பது வருஷமா ஊத்திக்கிட்டே இருந்திருக்கிய. இப்பம் பிரிச்சா தூளாத்தான் வருது. ஒரு வரி கூட முழுசா இல்ல.”

“கட்டி அப்படியே இருக்கே டாக்டர். நிறங்கூட மாறல.”

“வெளிய அப்படியே இருக்கு அண்ணாச்சி. நீங்க ரொம்ப நல்லாப் பாத்திருக்கிய. அதுதான் விசயமே.”

ரொம்ப நல்லாப் பாத்திருக்கேன்னு அவகளே ஒத்துக்கிட்டாவ, கவனிச்சியளா? அப்பம் தப்பு எங்க? மிஷின்ல. சென்னைக்காரன் மிஷின்ல என்ன கோளாறோ. நான் சொன்னேன், யாரும் காதுல வாங்கல.

அப்பந்தான் டாக்டர் கொம்பையா பிளாக்கக் கேட்டாவ. பிளாக்குல மெழுகுக்குள்ள இருக்கதால ஃபார்மலின் மேக்கொண்டு படாது, அதுல வாய்ப்பு உண்டுன்னாவ.

பழைய பிளாக் பூரா ஆஸ்பத்திரிக்குப் பின்னால ஒரு ஓட்டுக் கட்டடத்துல கிடக்கு. முன்ன துணி வெளுக்க எடம். ஒழுகும், எலி ஓடும், சித்திரை மாசம் உள்ள நிக்க முடியாது. முப்பதாயிரம் பிளாக் இருக்கும். கொம்பையா வரிசையில வச்சிருந்தாலாவது தேடலாம். அவன் காலி குளுக்கோஸ் பெட்டியில கொட்டி, மேல வருஷத்த மட்டும் எழுதிட்டுப் பஸ்ஸப் பிடிச்சிருக்கான். வருஷமும் பாதிப் பெட்டியில அழிஞ்சு போச்சு.

அந்தப் புள்ள பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுட்டு வந்துச்சு. டாக்டர் என்னையும் கூட விட்டாவ. மூக்குல துணியக் கெட்டிக்கிட்டு நாலு நாள் தேடினோம். ஒவ்வொரு பிளாக்குக்குள்ளயும் ஒரு சின்னத் தாளு, அதுல பென்சில்ல நம்பரு. நாங்க தேடுதது ஆயிரத்து நூத்தி நாப்பத்தேழு, கீழ தொண்ணூத்தஞ்சு.

ரெண்டாம் நாளு அது கதவுக்குப் பின்னால ஆணியில தொங்குன ஃபைல எடுத்துப் பாத்துச்சு. “சார், இது என்ன? ‘பயனற்ற மெழுகுக் கட்டிகளை அழிக்க அனுமதி கோருதல்.’ ரெண்டாயிரத்துப் பதினொண்ணு. இன்னொண்ணு பதினாறுல. கீழ உங்க கையெழுத்து மாதிரி இருக்கே?”

“என் கையெழுத்துதான்.”

“இதையெல்லாம் அழிக்கச் சொல்லி நீங்களா எழுதுனீங்க?”

“ஆமா. இடத்த அடைச்சுக்கிட்டுக் கிடக்குல்ல. மியூசியத்துக்கு ஒரு ஸ்டோர் ரூம் இல்லாம நான் என்ன பாடு படுதேன்.”

“அப்புறம் ஏன் அழிக்கல?”

“மேல இருந்து பதிலே வரல. ஃபைல எங்கயோ தொலைச்சிட்டானுவ. நம்ம ஆபீஸ் லட்சணம் தெரியாதா? ஒரு வேலை உருப்படியா நடக்காது.”

அந்தப் புள்ள என்னைப் பாத்துச்சு. ஃபைல மடிச்சு, இருந்த எடத்துலயே மாட்டிட்டு, திரும்பவும் தேட உக்காந்துட்டு. அன்னைக்கு பூரா எங்கூட ஒரு வார்த்தை பேசல. தூசி தொண்டையில அடைச்சிருக்கும்.

மறுநாள் கொஞ்சம் பேசுச்சு. “உங்களுக்கு எங்கம்மாவப் பாத்த ஞாபகம் இருக்கா சார்?”

“ஆளப் பாத்ததில்லம்மா. நமக்கு வாளியிலதான் வரும்.”

சிரிச்சுச்சு சார். நான் சிரிப்புக்குச் சொல்லல, உள்ளதத்தான் சொன்னேன். அது சிரிச்சு, அப்பிடியே அழுதுட்டு. நான் எந்திச்சுப் போயி ரெண்டு டீ வாங்கிட்டு வந்தேன்.

நாலாம் நாளு, மூணு மணி இருக்கும். நான் பெட்டியத் தூக்குதேன், அதுக்குள்ள அது கையில வச்சுக்கிட்டு நிக்கி. மெழுகு மஞ்சப் பூத்து, ஒரு மூலையில எலி கடிச்சிருக்கு. உள்ள தாளுல கொம்பையாவோட கோழிக் கிறுக்கல். ஆயிரத்து நூத்தி நாப்பத்தேழு. நான் கண்ணாடியப் போட்டுக்கிட்டு ரெண்டு தடவ படிச்சேன். ஏழு தான்னு உறுதியாத் தெரியல, ஒண்ணாவும் இருக்கலாம். அவன் ஏழு எழுதுத லட்சணம் அப்பிடி. நான் யோசிச்சுக்கிட்டு நிக்கதுக்குள்ள அது டாக்டர் ரூமுக்கு ஓடிட்டு.

இந்தத் தடவ டாக்டரே சென்னைக்குப் போயிக் கூட இருந்து பாத்தாவ. மெழுகச் சீவி எடுத்து, கரைச்சு, ஏதோ நொதியில ஊறப்போட்டு, சூடு பண்ணி ஒட்டுனதப் பிரிச்சாவளாம். முழுப் புஸ்தகம் வரல. நூறு எழுத்து, நூத்தியிருவது எழுத்துன்னு துண்டு துண்டாத்தான் வந்துச்சு. ஆனா நமக்கு வேண்டியது ஒரே ஒரு எழுத்துதான. அது இருக்க துண்டு கிடைச்சிட்டு. நம்பரும் சரிதான்னு, அந்தப் புள்ளையோட ரத்தத்தையும் இதையும் ஒத்துப் பாத்து, தாயும் மகளும்தான்னு உறுதி பண்ணிட்டாவ. ஏழுதான் எழுதியிருக்கான்.

மாத்தம் அம்மாகிட்ட இருந்து வந்ததுதான். அது மட்டும் இல்ல, அந்தக் கட்டிக்குள்ள ரெண்டு பிரதியில நல்ல எழுத்து இருந்தது அழிஞ்சு போயி, இது மட்டுந்தான் நின்னிருக்கு. கட்டிக்கு இதுதான் காரணம், இனி சந்தேகமே கிடையாதுன்னுட்டாவ டாக்டர்.

சொன்னப்பம் நானும் ரூம்ல இருந்தேன். அந்தப் புள்ள, “இன்னொரு பிள்ளை பெத்துக்கிட்டு எடுக்கலாமா டாக்டர்?”னு ஒருக்க கேட்டுச்சு. டாக்டர் ரிப்போர்ட்ட அது பக்கமாத் திருப்பி வச்சாவ. அதப் பாத்துட்டு அதுவே, “வேண்டாம். இருக்கவளுக்கு அம்மா வேணும்”னு சொல்லிட்டு எந்திச்சுச்சு.

மறுமாசம் ஆபரேஷன். எடுத்ததச் சீவிப் பாத்தா, கருக்குழாயோட நுனியில கடுகுல பாதி அளவுக்கு ஆரம்பிச்சிருக்கு சார். ஆரம்பிச்சிருக்கு, எங்கயும் பரவல. ஸ்கேன்ல கூடத் தெரியாது. இன்னொரு வருஷம் விட்டிருந்தா கதையே வேறன்னாவ.

பொறவு அந்தப் புள்ள தேறி வந்து கொம்பையா வீட்டுக்குப் போகணும்னுச்சு. அவன் போயி ஆறு வருஷம் ஆச்சு. நாந்தான் வழி காட்டக் கூடப் போனேன். அவன் சம்சாரம், சின்னக் கடை வச்சிருக்கு, ஒண்ணும் வெளங்காம முழிச்சுச்சு. இந்தப் புள்ள அதோட ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, “உங்க வீட்டுக்காரர் அன்னைக்கி அந்தத் துண்ட நேரத்துல எடுத்து மெழுகுல போட்டதாலதான் நான் இருக்கேன்”னு சொல்லுது. அந்தம்மா, “நேரத்துல எடுத்தாவளா? அவுக பஸ்ஸுக்குப் போக எடுத்திருப்பாவ”ன்னுச்சு.

பாத்தியளா? கெட்டுன பொஞ்சாதியே சொல்லுதா. நான் சொன்னா பொறாமைங்காவ.

நாப்பது பைசா பென்சில்ல எழுதிட்டுப் பஸ் ஏறினவன் பேரு பேப்பர்ல. முப்பது வருஷம் கண்ணெரிய ஃபார்மலின் ஊத்தினவன் பேரு எங்கயும் இல்ல. பேப்பர் ஆசிரியருக்கு ஒரு கடுதாசி எழுதிப் பையில வச்சிருக்கேன். மூணு தடவ மாத்தி எழுதியாச்சு. ஒவ்வொரு தடவையும் நடுவுல ஒரு வரி இடிக்கி. ‘என் ஜாடியில் இருந்து ஒன்றும் கிடைக்காவிட்டாலும்’னு வருது. அந்த வரியை எடுத்தா மிச்சம் நிக்கல.

இன்னொண்ணு சொல்லணும். அது யார்ட்டயும் சொன்னதில்ல.

நான் ரிட்டயர் ஆகதுக்கு ஒரு வாரம் இருக்கு. அந்தப் புள்ளைக்கு ஒரு தங்கச்சி உண்டு, கோமதின்னு பேரு. அம்மா போகும்போது பதினோரு மாசக் கைப்பிள்ளை. திருப்பூர்ல ஏதோ கம்பெனியில வேலை. அதுக்கும் ரத்தம் பாத்தாவ, அதுக்கு அந்த மாத்தம் இல்ல, தப்பிச்சிட்டு. ரிப்போர்ட்ட வாங்கிட்டு நேரா மியூசியத்துக்கு வந்து நிக்கி, தனியா. “நானூத்திப் பன்னெண்டு எது சார்?”

காட்டினேன். பீரோவத் திறந்து, ஜாடியக் கீழ இறக்கி மேசையில வச்சேன். நான் அப்பிடி யாருக்கும் இறக்கிக் குடுக்கதில்ல. அது ஒரு ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்துச்சு.

“எங்க வீட்ல அம்மா போட்டோ ஒண்ணு கூட இல்ல சார். ஒரே ஒரு கல்யாண போட்டோ இருந்தது. அதையும் கரையான் அரிச்சிட்டு. அக்காவுக்காவது மொகம் ஞாபகம் இருக்கு.”

“தண்ணி ஊத்தி ரெண்டு மாசம்தான் ஆகுது”ன்னேன்.

“நீங்கதான் பாத்துக்கிட்டீங்களா? இத்தன வருஷமும்?”

“ஆமாம்மா.”

“லீவுல போனாக் கூட?”

“மூணு மாசத்துக்கு ஒருக்கத்தான். லீவு அதுக்குத் தக்கன போட்டுக்கிடுவேன்.”

அது ஜாடியப் பாத்துக்கிட்டே அரை மணி நேரம் இருந்துச்சு. நான் அந்தப் பக்கம் போயி வேற ஜாடியத் துடைச்சுக்கிட்டிருந்தேன். துடைச்ச ஜாடியவே திரும்பத் துடைச்சேன்னு பொறவுதான் தெரிஞ்சுது. கிளம்பும்போது பார்வையாளர் நோட்ட நீட்டினேன். யார் வந்தாலும் எழுதணும், அது சட்டம். பேரு எழுதுச்சு, ஊரு எழுதுச்சு. ‘வந்த நோக்கம்’னு ஒரு கட்டம் உண்டு. அதுல ‘படிப்பு’ன்னு எழுதலாம், ‘ஆய்வு’ன்னு எழுதலாம், ரெண்டுதான் அனுமதி. அது ‘அம்மாவைப் பார்க்க’ன்னு எழுதிட்டு, பேனாவ மூடி வச்சிட்டுப் போயிட்டு.

அடிச்சு வேற எழுதச் சொல்லியிருக்கணும். நான் சொல்லல. கீழ என் கையெழுத்தப் போட்டேன்.